மோட்டோகிராஸ்: தொடக்கக் கோடு எல்லோருக்கும் ஒரே இடத்தில் இல்லை

மோட்டோகிராஸ் பழக என்ன வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. துணிச்சல் வேண்டும், ஒரு வண்டி வேண்டும், விழுந்தால் எழுந்து நிற்கத் தெரிய வேண்டும். மண்ணுக்குச் சாதி கிடையாது, கடிகாரத்துக்குச் சாதி கிடையாது, முதலில் வருகிறவன் ஜெயிப்பான் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்கிறவர்களில் வண்டி ஓட்டிய ஒரே காரணத்துக்காக அடி வாங்கிய ஒருவரைக்கூட நாங்கள் இதுவரை சந்தித்ததில்லை.

நம் நாட்டின் சட்டம் வேறு கதை சொல்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. 2015-இல் அது திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது, மூன்றாம் பிரிவில் சில குற்றங்களைப் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். ஒரு தலித், பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம். செருப்பு போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது குற்றம். திருமண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. நடக்காத ஒன்றைத் தடுக்க நாடாளுமன்றம் சட்டம் போடுவதில்லை, தோழர்களே. மோட்டார் சைக்கிள் என்ற சொல் ஒரு வன்கொடுமைச் சட்டத்துக்குள் ஏன் வந்தது என்று மண்ணுக்குச் சாதி இல்லை என்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், மானாமதுரை அருகே, ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, மூவர் கைதானார்கள். அந்த வெட்டு விழுந்தது கையில். ஆக்சிலேட்டரைத் திருகுவதும் கிளட்சைப் பிடிப்பதும் கைதான்.

ஆகவே இந்த விளையாட்டில் புதிதாக இறங்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கான பேச்சு, துணிச்சலிலிருந்து தொடங்க முடியாது. துணிச்சல் நம்மிடம் போதுமான அளவு இருக்கிறது. தெருவில் வண்டி ஓட்டவே துணிச்சல் தேவைப்படுகிற வாழ்க்கை நம்முடையது. இல்லாதவை வேறு: நிலம், வண்டி, பயிற்சி, பாதுகாப்புக் கவசம், விழுந்தால் ஆறு வாரம் வேலைக்குப் போகாமல் இருக்கக்கூடிய வீடு.

இது என்ன விளையாட்டு?

மேடு, பள்ளம், சேறு, குறுகலான வளைவு எல்லாம் இருக்கிற மூடிய மண்பாதையில் பல சுற்றுகள் ஓட்டும் பந்தயம் மோட்டோகிராஸ். இதையே ஒரு மைதானத்துக்குள் மண்ணைக் கொட்டி, செயற்கை மேடுகள் கட்டி நடத்தினால் சூப்பர்கிராஸ். இந்தியாவில் பெரும்பாலும் நடப்பது சூப்பர்கிராஸ்தான். பல ஆண்டுகளாகத் தேசிய சாம்பியன்ஷிப் நடக்கிறது. 2024 ஜனவரியில் புனேயில் தொடங்கி, அகமதாபாத், பெங்களூரு என்று ஒரு தனியார் லீக்கும் வந்துவிட்டது.

உலக அளவிலான பந்தயத்தில் நாற்பது வண்டிகள் ஒரே வரிசையில் நிற்கும். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஓர் இரும்புத் தடுப்பு. எல்லாத் தடுப்பும் ஒரே நொடியில் விழும். இதைக் காட்டித்தான் சமத்துவம் என்கிறார்கள். தடுப்பு விழுவது ஒரே நொடியில்தான். அந்த வரிசை வரைக்கும் வந்து சேர்வது யார் என்பதுதான் நம் கேள்வி.

இந்த விளையாட்டு 1924-இல் இங்கிலாந்தின் கேம்பர்லி பகுதியில் நடந்த ஒரு பந்தயத்திலிருந்து வளர்ந்தது என்பார்கள். அங்கே வண்டி செய்தவர்களும் ஓட்டினார்கள். பிஎஸ்ஏ நிறுவனத்தில் பணிபுரிந்த ஜெஃப் ஸ்மித், அந்த நிறுவனத்தின் வண்டியிலேயே 1964-லும் 1965-லும் 500 சிசி பிரிவில் உலக சாம்பியன் ஆனார். இங்கே வாருங்கள். ராயல் என்ஃபீல்டு ஒரகடத்திலும் வல்லத்திலும் வண்டி செய்கிறது. யமஹா வல்லம் வடகாலில் செய்கிறது. டிவிஎஸ் ஓசூரில். எம்ஆர்எஃப் டயர் பிறந்தது சென்னையில். இந்தத் தொழிற்சாலைகள் இருக்கிற வட்டாரங்களிலிருந்து ஷிப்டு பஸ் ஏறும் ஐடிஐ, டிப்ளமோ படித்த பிள்ளைகளில் நம் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மெக்கானிக் கடையில் கிரீஸ் பூசிய கைகளோடு உட்கார்ந்திருக்கும் சிறுவர்கள் யார் என்று பாருங்கள். வண்டியைப் பூட்டுவது நாம், கழற்றுவது நாம், கழுவுவது நாம். பந்தயப் பட்டியலில் மட்டும் நம்மைத் தேட வேண்டியிருக்கிறது.

துணிச்சலுக்கு விலைப்பட்டியல் உண்டு

வெளிநாட்டிலிருந்து வரும் 250 சிசி மோட்டோகிராஸ் வண்டி ஒன்று எட்டு, ஒன்பது லட்ச ரூபாய்க்கு விற்கிறது. அதற்கு முகப்பு விளக்கு கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது. சாலையில் ஓட்ட முடியாது. அதனால் வண்டியைப் பாதைக்குக் கொண்டுபோக இன்னொரு வண்டி வேண்டும். கணுக்கால் முறியாமல் காக்கும் பூட்ஸ் ஒரு ஜோடி, நம்மில் பல வீடுகளின் ஒரு மாத வருமானத்தை விழுங்கிவிடும். இதோடு ஹெல்மெட், கண்ணாடி, முழங்கால் கவசம், மார்புக் கவசம், கழுத்துப் பட்டை, கையுறை. பிறகு பெட்ரோல், டயர், நுழைவுக் கட்டணம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிலம். பயிற்சிப் பாதை அமைக்க இரண்டு மூன்று ஏக்கர் மண்ணும், ஒரு ஜேசிபியும், தண்ணீர் லாரியும் போதும் என்று சாதாரணமாகச் சொல்வார்கள். இரண்டு மூன்று ஏக்கர்! 1892-இல் நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தையே இன்னும் மீட்க முடியாமல் தாலுகா ஆபீஸ் படி ஏறிக்கொண்டிருக்கும் மக்களிடம் இதைச் சொல்கிறார்கள். தோப்பும் பண்ணையும் வைத்திருக்கிறவன் வீட்டுப் பிள்ளை பத்து வயதில் தன் நிலத்திலேயே மேடு கட்டி ஓட்டிப் பழகுகிறான். அதற்குப் பெயர் பிறவித் திறமை. சமூகவியலில் இதை மூலதனம் என்று படித்தோம். காசு மட்டும் மூலதனம் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்த கிளப் செயலாளர், சித்தப்பாவின் டயர் ஏஜென்சி, ஆங்கிலத்தில் ஸ்பான்சருக்கு எழுதத் தெரிந்த அக்கா, எல்லாமே மூலதனம்தான்.

சாதியைக் கேட்காமலேயே கேட்கும் வித்தையும் இங்கே உண்டு. நாங்கள் சில இளைஞர்களை ஒரு பயிற்சி முகாமுக்கு அழைத்துச் சென்றோம். விண்ணப்பத்தில் சாதிக்கு இடமில்லை. டீ குடிக்கும்போது ஊர் எது என்று ஆரம்பித்தார்கள். ஊர் சொன்னதும், ஊரில் எந்தப் பக்கம்? பக்கம் சொன்னதும், அப்பா என்ன பண்றார்? மூன்றாவது கேள்வியில் அவர்களுக்கு விடை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு "தம்பி" என்று கூப்பிட்ட வாய் "டேய்" என்று மாறியது. முகாம் முடியும்வரை எங்கள் பிள்ளைகளுக்கு வண்டி கிடைத்தது கடைசியில்தான்.

அவன் ஓட்டினால் சாகசம், நாம் ஓட்டினால் ரவுடித்தனமா?

"புள்ளிங்கோ" என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். முடிக்குக் கலர் அடித்து, கடன் வாங்கிய வண்டியில் முன்சக்கரத்தைத் தூக்கும் வடசென்னைப் பையனைக் கேலி செய்ய இந்தச் சமூகம் ஒரு சொல்லையே வளர்த்து வைத்திருக்கிறது. அதே முன்சக்கரத்தை ஒரு பணக்கார வீட்டுப் பையன் கட்டணம் கட்டிய பாதையில் தூக்கினால் அவன் அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ்மேன்.

சாலையில் ரேஸ் விடுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. நடந்துபோகிறவரின் உயிர் யாருடைய கெத்துக்கும் பணயம் இல்லை. அப்படிச் சாகிறவர்களும் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். ஆனால் பாதையே கட்டித் தராத அரசு, பையன் ரோட்டில் ஓட்டுகிறான் என்று வண்டியைப் பறிமுதல் செய்வது மட்டுமே தன் வேலை என்று நினைத்தால், அந்த அரசைக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. 2024 ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் சாலையை மூடி, இரவைப் பகலாக்கி, ஃபார்முலா 4 கார் பந்தயம் நடந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமே அதில் இறங்கி வேலை செய்தது. நடக்கட்டும். அதே நகரத்தில் கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ இருக்கும் ஒரு பையனுக்கு, ஒரு மண்மேட்டைப் பாதுகாப்பாகத் தாண்டிப் பழக அரசு காட்டும் இடம் எங்கே?

நம் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை

"படிக்கிற வேலையைப் பாருங்கடா, வண்டி வாகனமெல்லாம் நமக்கு எதுக்கு" என்று இயக்கத்தின் மூத்த தோழர்களே சொல்கிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். புதுவண்டி வாங்கிய வாரமே தாக்கப்பட்ட பிள்ளைகளை மருத்துவமனையில் பார்த்த கண்கள் அவை. ஆனாலும் மறுக்கிறோம். நமக்கு அனுமதிக்கப்பட்ட ஆசைகளின் பட்டியலை யார் எழுதியது? கலெக்டர் ஆகலாம், வக்கீல் ஆகலாம், மண்ணில் பறந்து இறங்கும் மகிழ்ச்சி மட்டும் கூடாது என்றால், அதுவும் ஒரு தீட்டுதான். மகிழ்ச்சியும் உரிமையில் சேர்ந்ததுதான்.

அண்ணல் அம்பேத்கரின் "விசாவுக்காகக் காத்திருத்தல்" நூலை வாசித்தவர்களுக்கு இரண்டு வண்டிகள் நினைவிருக்கும். 1901-இல் சிறுவன் அம்பேத்கரும் உடன் வந்த பிள்ளைகளும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது, தீட்டு என்று எந்த மாட்டுவண்டிக்காரரும் ஓட்ட மறுத்தார். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே ஓட்ட வேண்டியிருந்தது. 1929-இல் சாலிஸ்கானில் அவர் பெரிய தலைவராகப் போயிறங்கியபோதும் குதிரைவண்டிக்காரர் ஓட்ட மாட்டேன் என்றார், வண்டியை மட்டும் வாடகைக்குத் தந்தார். தலைவர் நடந்து வரக் கூடாது என்று, ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் வண்டி விபத்துக்குள்ளாகி அண்ணல் தூக்கி எறியப்பட்டார். கால் முறிந்தது.

இந்த நிகழ்வில் தீண்டாமையைப் பார்க்கிறோம். கூடவே பார்க்க வேண்டிய இன்னொன்று, பயிற்சி. அந்த மக்கள் தன்மானத்தில் குறைந்தவர்கள் அல்லர். ஓட்டக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பைத்தான் சாதி அவர்களிடமிருந்து பறித்து வைத்திருந்தது. தன்மானத்துக்காக வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு தலித் இளைஞருக்கும் முறையான பயிற்சி வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

எங்கிருந்து தொடங்குவது

வண்டிக்கு முன் கவசம். கையில் இருக்கும் முதல் காசு ஹெல்மெட்டுக்கும் பூட்ஸுக்கும் போக வேண்டும். பூட்ஸ் பழையது வாங்கலாம். ஹெல்மெட் மட்டும் பழையது வேண்டாம். ஒரு முறை பலமாக அடிபட்டால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

தினம் வேலைக்குப் போகும் கம்யூட்டர் வண்டியில் மேட்டைத் தாண்டாதீர்கள். அதன் முன்சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம் ஏறக்குறைய 12, 13 சென்டிமீட்டர். மோட்டோகிராஸ் வண்டியில் அது 30 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். இரண்டுக்கும் நடுவில், மண்ணிலும் சாலையிலும் ஓடக்கூடிய எக்ஸ்பல்ஸ் 200 போன்ற வண்டியில் 19 சென்டிமீட்டர். ஐந்தாறு பேர் சேர்ந்து இப்படி ஒரு பழைய வண்டியை வாங்கிப் பங்கு போட்டுப் பழகலாம். முதல் ஆண்டுக்கு அது தாராளம். லட்சக்கணக்கில் கடன் வாங்கி பந்தய வண்டி எடுக்காதீர்கள். கந்துவட்டிக்காரன் நம் முதல் ஸ்பான்சராக இருக்கக் கூடாது.

முதல் சில வாரங்கள் மேட்டின் பக்கமே போகாதீர்கள். ஃபுட்ரெஸ்ட்டில் நின்றபடி, முழங்கை விரித்து, முழங்காலால் டேங்கைக் கவ்விப் பிடித்து ஓட்டப் பழகுங்கள். பார்வை முன்சக்கரத்தில் விழக் கூடாது, அடுத்த வளைவில் விழ வேண்டும். தளர்ந்த மண்ணில் பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால்தான் முன்சக்கரம் புதைந்து ஆள் விழுகிறார். வளைவும் பிரேக்கும் கைவந்த பிறகு, மேலே தட்டையாக இருக்கும் மேட்டில் ஆரம்பியுங்கள். தூரம் குறைந்தாலும் அதில் இறங்க இடம் இருக்கும். நடுவில் பள்ளம் விட்ட இரட்டை மேட்டில் தூரம் குறைந்தால் எதிர் மேட்டில் மோதுவோம். அது பயிற்சியாளர் சொன்ன பிறகு மட்டும். தனியாக ஒருநாளும் ஓட்டாதீர்கள்.

உடம்பைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். உலகப் போட்டியில் ஒரு ஓட்டம் முப்பது நிமிடமும் அதற்கு மேல் இரண்டு சுற்றும். முன்கை கல்லாக இறுகிவிடும், பிடி நழுவும். ஆனால் கபடியிலும் கால்பந்திலும் ஊறிய நம் காலனிப் பிள்ளைகள் இதில் பின்தங்கியவர்கள் இல்லை. வண்டிப் பராமரிப்பிலும் அப்படித்தான். ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் ஏர் ஃபில்டரைக் கழுவ வேண்டும், செயினும் ஸ்போக்கும் பார்க்க வேண்டும். மற்றவர்கள் ஆள் வைத்துச் செய்வதை நம் பிள்ளைகள் தாங்களே செய்வார்கள்.

போட்டியில் இறங்க இந்திய மோட்டார் விளையாட்டு மன்றங்களின் கூட்டமைப்பு தரும் உரிமம் வேண்டும். அதற்கு முன்னால் செலவில்லாத ஒரு வாசல் இருக்கிறது. பந்தயங்களில் கொடி காட்டும் மார்ஷல்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். போய் நில்லுங்கள். மஞ்சள் கொடி அசைந்தால் முந்தக் கூடாது, தாவக் கூடாது. சிவப்பு என்றால் பந்தயம் நின்றுவிட்டது. ஒரு நாள் கொடியோடு நின்றால் பாதையின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடம் ஆகும், ஆட்களும் பழக்கமாவார்கள்.

தெருவிலோ பாதையிலோ சாதியைச் சொல்லி யாராவது வண்டியைத் தடுத்தால், நேரம், இடம், சாட்சி எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். புகாரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். காவல் நிலையம் வாங்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரையும் அதே சட்டத்தின் நான்காம் பிரிவு தண்டிக்கும். தேசிய உதவி எண் 14566.

நமக்கு முன்னால் ஓட்டியவர்கள்

அமெரிக்காவில் வெள்ளையர் விளையாட்டாகவே இருந்த மோட்டோகிராஸில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற கருப்பின இளைஞர் ஃபுளோரிடாவிலிருந்து வந்தார். நான்கு வயதில் முதல் பந்தயம். வண்டிப் பைத்தியமான அப்பா அவரை ஊர் ஊராக அழைத்துப் போனார். 2007-லும் 2009-லும் சூப்பர்கிராஸ் பட்டம். 2008-இல் வெளிப்புற மோட்டோகிராஸ் தொடரில் 24 ஓட்டங்களில் 24-லும் வென்றார். இது துணிச்சலின் கதை என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். நான்கு வயதிலிருந்து கையில் வண்டியும், ஓட்டப் பாதையும், கூடவே வந்த ஒரு குடும்பமும் இருந்தன என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பக்கத்தில் பாருங்கள். ஷொரணூரைச் சேர்ந்த ஹரித் நோவா சூப்பர்கிராஸில் தேறி, 2024 டக்கார் ராலியில் தன் பிரிவில் முதலிடம் பெற்றார். பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸ்சே 2019-இல் பெண்களுக்கான பாஹா உலகக் கோப்பையை வென்றார். தென்னிந்தியாவிலிருந்து உலக மேடைக்குப் போக முடியும் என்பதற்கு இவர்கள் சாட்சி. இந்த வரிசையில் நம் சேரிப் பெண் ஒருத்தி நிற்கும் நாளை விரைவுபடுத்துவது யார் பொறுப்பு?

எங்கள் கோரிக்கைகள்

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு இருபது பேர். நம் மக்கள்தொகைக்கு ஏற்ற நிதிக்காகவே 2024-இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் நிறைவேறியது. அந்த நிதியிலிருந்து, முதலில் வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொன்றாக, பொதுப் பயிற்சிப் பாதை கட்டுங்கள். பயிற்சி வண்டியும் கவசமும் அங்கேயே இருக்கட்டும். ஆதிதிராவிடர் நல விடுதி மாணவ மாணவியருக்கு முதல் இடம் கொடுங்கள். ஆம்புலன்ஸும் காப்பீடும் இல்லாமல் ஒரு நாளும் பாதையைத் திறக்காதீர்கள்.

நிறுவனங்களுக்கும் சொல்கிறோம். லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட 2013 நிறுவனச் சட்டம் சொல்கிறது. கிராமப்புற விளையாட்டும் நாடு அங்கீகரித்த விளையாட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் வண்டியைப் பூட்டும் தொழிலாளியின் பிள்ளைக்கு அதை ஓட்டிப் பழக ஒரு இடம் கொடுங்கள். அது கருணை இல்லை, பாக்கி.

மாணவத் தோழர்களே, இந்த வாரமே ஐந்து பேர் சேருங்கள். உங்கள் மாவட்டத்தில் மோட்டார் விளையாட்டுக்குப் பொது இடம் இருக்கிறதா, அதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதில் எத்தனை தலித் பிள்ளைகள் பயிற்சி பெற்றார்கள் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். பத்து ரூபாய்தான். வருகிற பதிலை வைத்து அடுத்த வேலையைத் தொடங்குவோம்.

ஜெய் பீம்.